பேச்சு திரும்பி வந்த பதினான்கு மாதங்கள்

போன மாதம் மனநலக் கிளினிக் வரிசையில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் ஒரு தாய் உட்கார்ந்திருந்தார். மகனைக் கூட்டி வந்தவர். மகன் சற்றுத் தள்ளி, சுவரில் ஒட்டியிருந்த டெங்கு அறிவித்தலைப் பார்த்தபடி நின்றான். என்னையும் யாரோ ஒரு நோயாளிக்குத் துணையாக வந்தவள் என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். என் கையில் இருந்த கிளினிக் கொப்பியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“சத்தம் கேக்குறது நின்னுருச்சுங்க. குளிசையும் ஒழுங்காப் போடுறான். ஆனா மனுசரோட மனுசரா இருக்க மாட்டேங்குறான். அது எப்பங்க வரும்?”

அதற்குள் என் இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் வெளியே வந்தபோது இருவரும் போய்விட்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. எனக்குக் கிடைத்த பதில். எல்லோருக்கும் அதுவே என்று சொல்ல மாட்டேன். சொல்லாமல் விட்டது மனதை அரித்துக்கொண்டே இருந்ததால் எழுதுகிறேன்.

என் பெயர் புஷ்பராணி. புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். ஓ.எல். பரீட்சை முடித்த கையோடு கண்டிக்கு வந்து ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கணவர் சகாயநாதன் பேக்கரியில் மாவு பிசைகிறவர். அம்பிட்டிய வீதியில் இரண்டு அறை வாடகை வீடு. ஒரே மகள் ஷெரின், எல்லாம் நடந்தபோது அவளுக்கு ஆறு வயது.

கடையில் நான் சேலைப் பகுதி. பெருமைக்குச் சொல்லவில்லை, பேச்சில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கல்யாணத்துக்கு எடுக்க வரும் சிங்களக் குடும்பமாக இருந்தாலும் சரி, மாத்தளையில் இருந்து வரும் நம்மாட்களாக இருந்தாலும் சரி, வாசல்படி ஏறும்போதே யார் எடுப்பார்கள், யார் பார்த்துவிட்டுப் போவார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். மாமியாருக்குப் பிடித்து மருமகளுக்குப் பிடிக்காத சேலையை மருமகளின் கண்ணை வைத்தே கண்டுபிடித்து மெதுவாக மடித்து ஒதுக்கிவிடுவேன். அடுத்த பகுதியில் சல்வார் விற்கும் ரிஸ்வானா ராத்தா, அக்குறணைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், “ஒனக்கு வாய்க்குத்தான் சம்பளம் புஷ்பா” என்பார்.

முதலில் போனது தூக்கம். பிறகு வாடிக்கையாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது எனக்காகப் பேசுவதுபோலக் கேட்க ஆரம்பித்தது. ஒரு பெண் சேலையைத் தடவிப் பார்த்து “லஸ்ஸன நெஹெ” என்று தோழியிடம் சிங்களத்தில் சொல்வாள். அழகாக இல்லை என்று அர்த்தம். அவள் சொன்னது என் முகத்தைத்தான் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். சந்தேகமாக இல்லை, உறுதியாக. இந்த நோயைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வது. நீங்கள் கையில் பிடித்திருக்கும் தேத்தண்ணீர்க் கோப்பை சூடாக இருக்கிறது என்று எவ்வளவு உறுதியாகத் தெரியுமோ, அவ்வளவு உறுதி. அதனால்தான் “அப்படி ஒன்றும் இல்லை” என்று யார் சொன்னாலும் அவர்களும் அதில் கூட்டு என்று தோன்றியது.

சில வாரங்களில் குரல்கள் வந்தன. இரண்டு பெண்கள். திட்டவில்லை, பயமுறுத்தவில்லை. நான் செய்வதைச் செய்தி வாசிப்பதுபோலச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இப்ப மடிக்கிறா. இப்ப ஏணில ஏறுறா. இப்ப பொய்யாச் சிரிக்கிறா. கேட்டுக் கேட்டு எனக்குச் சிரிக்கவே முடியாமல் போனது.

ஒரு சனிக்கிழமை, கடை நிறைந்த நேரம், கல்யாணப் பெண்ணின் தாய் ஒருவர் கையில் பிடித்திருந்த சேலையை நான் பிடுங்கிவிட்டேன். அதற்குள் எனக்கான கடிதம் தைத்திருக்கிறது என்று கத்தினேன். என்ன நடந்தது என்று முழுவதும் நினைவில்லை. முதலாளி கடை வாசலை மறைத்துக்கொண்டு நின்றதும், ரிஸ்வானா ராத்தா என்னை முச்சக்கர வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நினைவிருக்கிறது. வண்டியில் அவர் என் கையை விடவே இல்லை.

புசல்லாவையில் இருந்து அம்மா வந்தார். கண்பட்டுவிட்டது என்றார். மாதா கோயிலில் சாமியார் தலையில் கைவைத்து ஜெபித்தார். அவர் நல்ல மனிதர், டொக்டரையும் காட்டுங்கள் என்றுதான் சொல்லி அனுப்பினார். ஆனால் டொக்டர் என்ற பேச்சை எடுக்கவே வீட்டில் எல்லோருக்கும் பயம். ஆஸ்பத்திரியில் எந்த வாட்டில் வைத்திருக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும் அல்லவா. கடைசியில் அதை உடைத்துச் சொன்னவர் ராத்தாதான். மூன்றாம் நாள் வேலை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, சகாயத்தைக் குசினிக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அடுத்த அறையில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

“என்ட கூடப்பொறந்த நானாவுக்கும் இப்படித்தான் வந்திச்சு. நாங்க ஒரு வருசம் அங்கயும் இங்கயும் அலைஞ்சு வீணாக்கிட்டோம். நீங்க வீணாக்காதீங்க. இப்ப அவரு கடை வச்சு நல்லா ஈக்கிறாரு.”

மறுநாள் காலை சகாயம் லீவு போட்டார்.

ஆஸ்பத்திரியில் அன்று நாங்கள் உட்கார்ந்த இடங்களை வரிசையாகச் சொல்ல முடியும். வெளிநோயாளர் பிரிவின் மரவாங்கு. பிறகு இரத்தம் எடுக்கும் அறைக்கு முன்னால் ஒரு வாங்கு. பிறகு தலையை ஸ்கேன் பண்ணும் இடத்தில், ஏசிக் குளிரில், பிளாஸ்டிக் கதிரை. மூளையில் கட்டி, தைரொயிட் கோளாறு, ஏதாவது கிருமி, இவற்றாலும் இப்படி வரலாம். அதெல்லாம் இல்லை என்று தெரிந்துகொள்வதற்குத்தான் அந்தச் சோதனைகள். அதை அப்போது யார் சொல்லியும் என் தலையில் ஏறவில்லை. ஸ்கேன் இயந்திரம் என் நினைவுகளை எடுத்துவிடும் என்று நம்பி, உள்ளே படுத்திருந்த நேரம் முழுவதும் ஷெரினின் பிறந்த திகதியை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டொக்டர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். மெலிந்தவர், அவசரப்படாதவர். சோதனைகள் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு, வருத்தத்தின் பெயர் சைக்கோசிஸ் என்றார். உள்ளே எழுகிற எண்ணமும் வெளியே நடக்கிற நிகழ்ச்சியும் எது எதுவென்று பிரித்தறிய முடியாமல் போவதுதான் அது. மூளையில் வரும் வருத்தம், யாருடைய பிழையும் இல்லை, மருந்து இருக்கிறது. சகாயம் கேட்டது ஒரே கேள்விதான், இது பைத்தியமா என்று.

டொக்டர் அவர் பக்கம் திரும்பினார். “அந்தச் சொல்லால ஒரு பிரயோசனமும் இல்லை அண்ணா. அதைச் சொன்னா ஆக்கள் விலகிப் போவினம், அவ்வளவுதான். இவவுக்கு இப்ப ஆக்கள் கிட்ட இருக்க வேணும்.”

வாட்டில் பத்தொன்பது நாட்கள். இரும்புக் கதவு, வரிசையாகக் கட்டில்கள், மூன்று மணிக்குப் பெரிய அலுமினிய வாளியில் தேத்தண்ணீர். முதல் வாரம் இரவுகளில் ஊசி போட்டார்கள், இரவு என்று ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது. மருந்து நாக்கைத் தடிக்க வைத்தது. கால்களை ஒரு இடத்தில் வைக்க முடியாமல் நடந்துகொண்டே இருந்தேன். அதற்கு வேறொரு குளிசை தந்தார்கள்.

சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்று நான் தொடவில்லை. சகாயத்துக்குப் பேக்கரி வேலை விடியற்காலை தொடங்கி நண்பகலுக்கு முன்னால் முடியும். பார்வை நேரமான பன்னிரண்டு மணிக்குச் சரியாக வருவார், காதோரத்து மயிரில் மாவு அப்படியே இருக்கும். சோற்றுப் பார்சலைத் திறந்து, ஒவ்வொரு கறியிலும் முதலில் அவர் ஒரு வாய் சாப்பிடுவார். பிறகு பார்சலை என் பக்கம் திருப்பி வைப்பார். சாப்பிடு என்று சொல்ல மாட்டார். நான் யோசித்து முடிக்கும்வரை காத்திருப்பார். பதினோரு நாள் அப்படிச் செய்தார். பன்னிரண்டாம் நாள் அவர் கை வைப்பதற்கு முன்னால் நான் பருப்பை எடுத்துச் சாப்பிட்டேன். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

குரல்கள் நின்றது எந்தக் கணம் என்று தெரியாது. ஒரு காலை குழாயில் கோப்பையைக் கழுவி வைத்தேன். வைத்த பிறகுதான், நான் கழுவியதை யாரும் சொல்லவில்லை என்பது உறைத்தது. இன்னொரு முறை கழுவிப் பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை. அன்று நான் அந்தக் கோப்பையை நாலைந்து தடவை கழுவியிருப்பேன். தாதி மிஸ் வந்து என்ன விஷயம் என்று கேட்டபோது, சும்மா என்றேன்.

வீட்டுக்கு வந்தோம். அம்மா பால்சோறு பொங்கினார். எல்லோரும் இத்துடன் முடிந்தது என்று நினைத்தார்கள், நானும்தான். கிளினிக்கில் பார்த்த அந்தத் தாயின் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

எனக்கு மனிதர்களிடம் பேச வரவில்லை. பயம் என்று சொன்னால் பாதிதான் சரி. பக்கத்து வீட்டு அக்கா மதில் பக்கமிருந்து “சாப்டாச்சா?” என்று கேட்பார். கேள்வி புரியும். பதிலும் தெரியும். அது வாய்க்கு வந்து சேர்வதற்குள் அவர் உள்ளே போயிருப்பார். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் எங்கே நுழைவது என்று தெரியாது. யாராவது என்னோடு பேசினால் அது முடிந்துவிட்டதா, நான் போகலாமா என்று தெரியாமல் அவர்கள் முன்னால் நின்றுகொண்டே இருப்பேன். அவர்கள் சங்கடப்படுவார்கள், சங்கடப்படுகிறார்கள் என்பதும் எனக்கு வெகுநேரம் கழித்து, வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கும். முகங்கள் எல்லாம் எனக்கு ஒரே மாதிரி இருந்தன. என் முகமும் அப்படியே நின்றுவிட்டது. சந்தோஷமாக இருக்கும்போதுகூடக் கண்ணாடியில் பார்த்தால், பஸ்ஸுக்கு நிற்கும் ஆளின் முகம்.

சகாயத்தின் தம்பி பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குப் போனோம். நான் மூலையில் உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிட்டு, ஒருவரோடும் பேசாமல் வந்தேன். கண்டிக்காரிக்குத் தலைக்கனம் என்று ஒரு பேச்சும், மருந்துக்கு மூளை செத்துவிட்டது என்று ஒரு பேச்சும் வந்து சேர்ந்தன. அம்மா அழுதார். எனக்கு அவை அவ்வளவு வலிக்கவில்லை. வலித்தது ஷெரின் கேட்டது. பள்ளிக்கூடத்தில் வரைந்த படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். நல்ல படம், எனக்குப் பிடித்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் படத்தை மெதுவாகத் திருப்பி வாங்கிக்கொண்டு கேட்டாள்.

“அம்மா, என் மேல கோவமா?”

இல்லை என்று சொல்லவும் எனக்கு நேரம் எடுத்தது. அதற்குள் அவள் போய்விட்டாள்.

இந்த நிலையில் சகாயம் என் வாயாக மாறினார். மருந்துக் கடையில் அவர் பேசுவார். பஸ்ஸில் நடத்துனரிடம் அவர் பேசுவார். யாராவது என்னைப் பார்த்து எப்படி இருக்கீங்க என்றால், “நல்லா இருக்கா” என்று அவர் சொல்வார். அன்பினால்தான். எனக்கும் அது வசதியாக இருந்தது. மூன்று மாதத்தில் நான் வெளியாட்கள் யாரோடும் ஒரு வாக்கியம் பேசாமல் வாழப் பழகிவிட்டேன்.

கிளினிக்கில் அதைக் கண்டுபிடித்தது டொக்டர்தான். என்னைப் பார்த்து நித்திரை எப்படி என்று கேட்டார். சகாயம் பதில் சொன்னார். பசி எப்படி என்றார். சகாயம் சொன்னார். டொக்டர் பேனாவை மூடி வைத்தார்.

“அண்ணா, குறை நினையாதேங்கோ. கொஞ்ச நேரம் வெளியில இருங்கோ. இவ சொல்லட்டும். எவ்வளவு நேரம் எண்டாலும் நான் இருக்கிறன்.”

அவர் உண்மையாகவே இருந்தார். வெளியே வரிசை நீண்டிருந்தது. எனக்கு முதல் வாக்கியம் வர எவ்வளவு நேரமானதோ தெரியாது. நான் சொன்னது இதுதான்: எனக்கு ஆட்களைப் படிக்க முடியவில்லை, முன்பு அதுதான் என் வேலை.

அன்று அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். இந்த வருத்தம் இரண்டு வேலை செய்கிறது. இல்லாததைக் கொண்டுவந்து சேர்ப்பது ஒன்று: குரல், சந்தேகம். இருப்பதை எடுத்துக்கொண்டு போவது மற்றது: பேச்சு, முகபாவம், ஆட்களிடம் போக வேண்டும் என்ற விருப்பம், அடுத்தவர் மனதை ஊகிக்கும் திறமை. சேர்த்ததை மருந்து நன்றாக விரட்டும். எடுத்துக்கொண்டு போனதை மருந்தால் மட்டும் திருப்பிக் கொண்டுவர முடியாது, பழகித்தான் எடுக்க வேண்டும். சோம்பலோ திமிரோ இல்லை, கை முறிந்து கட்டுப் பிரித்த பிறகு விரல்களைப் பழக்குவது போன்ற வேலை. முகம் இறுகியிருப்பதில் மருந்துக்கும் பங்கு இருக்கலாம் என்று, அளவை மிக மெதுவாகக் குறைத்துப் பார்த்தார். நானாகக் குறைக்கவே கூடாது என்று மூன்று முறை சொன்னார். நான் குறைக்கவில்லை.

பிறகு செவ்வாய்க்கிழமைகள். கிளினிக்குக்குப் பின்னால் ஒரு அறை, வட்டமாகக் கதிரைகள், ஆறு பேர். நடத்தியவர் நிலந்தி மிஸ், சிங்களப் பெண், தொழில்வழிச் சிகிச்சை கொடுப்பவர். தமிழைத் துண்டு துண்டாகப் பேசுவார், பிழையைப் பற்றிக் கவலைப்படவே மாட்டார். அதைப் பார்த்ததே எனக்குப் பாதி மருந்து. அங்கே பேசப் பழகினோம், குழந்தைகள் போல. கடையில் சில்லறை கேட்பது எப்படி. வேண்டாம் என்று சொல்வது எப்படி. பேச்சை முடிப்பது எப்படி: “சரி, அப்ப நான் வாறேன்” என்று சொல்லிவிட்டு ஒரு அடி பின்னால் வைக்க வேண்டும். இதை ஒருவர் சொல்லித் தர வேண்டியிருந்தது எனக்கு, ஒரு நாளைக்கு அறுபது பேரை வாசல்வரை வழியனுப்பி வைத்தவளுக்கு.

ஒரு நாள் முகங்களின் படங்களைக் காட்டினார். ஒரு பெண்ணின் படம். கோபமா, களைப்பா என்று கேட்டார். நான் பார்த்தேன், பார்த்தேன், தெரியவில்லை. ஹுன்னஸ்கிரியவில் இருந்து வரும் கருணாகரன் சேர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், எனக்குப் பக்கத்தில் இருந்தவர், அவருக்கும் தெரியவில்லை. அன்று நான் எழுந்து போய்க் குழாயடியில் நின்றேன். நிலந்தி மிஸ் பின்னால் வந்தார். கண்ணைப் பார், புருவத்தைப் பார், பிறகு வாயைப் பார், தெரியாவிட்டால் கேள் என்றார்.

“கேக்கிறது வெட்கம் இல்லை புஷ்பா. நான் தமிழ் தெரியாட்டி கேக்கிறது தானே.”

தெரியாவிட்டால் கேட்கலாம் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. பத்து வருடம் கேட்காமலே கண்டுபிடித்துப் பெயர் வாங்கியவள் நான்.

வீட்டுப் பாடமும் உண்டு. தினம் ஒரு புதிய ஆளிடம் மூன்று வாக்கியம் பேச வேண்டும். முதல் நாள் பஸ் நிலையத்தில் ஒரு பெரியவரிடம் அம்பிட்டிய பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டேன். அவர் கையோடு கூட்டிக்கொண்டுபோய், அம்பிட்டிய பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டே போனார். எனக்கு மார்க்கெட் போக வேண்டியிருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். செவ்வாய்க்கிழமை இதைச் சொன்னபோது கருணாகரன் சேர் சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. இன்னொரு நாள் முருங்கைக்காய் விலை கேட்டு, கடைக்காரர் சொன்ன பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வந்துவிட்டேன். வாரத்தில் நாலு நாள் இப்படித்தான் போகும்.

முகம் பேசாத காலத்துக்கு நிலந்தி மிஸ் ஒரு வழி சொன்னார். முகம் காட்டாததை வாயால் சொல்லிவிட வேண்டும். அன்று மாலை ஷெரினைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அம்மாவுக்கு வந்த வருத்தத்தில் முகம் கொஞ்சம் இறுகிப் போயிருக்கிறது, உள்ளே சந்தோஷமாக இருந்தாலும் வெளியே தெரியாது, அதனால் இனி சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் தலையாட்டினாள். பழைய படத்தை எடுத்து வரச் சொல்லி, “இது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, அம்மா இப்ப சந்தோசமா இருக்கேன்” என்றேன். செய்தி வாசிப்பதுபோல இருந்திருக்கும். அவளுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, “நான் இப்ப கோவமா இருக்கேன், டீச்சர் மேல” என்று அறிவித்தாள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அப்படித்தான். வந்து போகிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும்.

சகாயத்தோடுதான் கடினமாக இருந்தது. ஒரு ஞாயிறு கோயில் முடிந்து வரும்போது யாரோ என்னிடம் ஏதோ கேட்டார்கள், வழக்கம்போல அவர் பதில் சொன்னார். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“நீங்க பேசாதீங்க. நான் பேசுறேன்.”

கேட்டவர் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அது பிழை என்று எனக்குத் தெரியவில்லை. அவர் எனக்கு முன்னால் வேகமாக நடந்து வீடு வந்து சேர்ந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். கண், புருவம், வாய். கோபமா, வேதனையா, பிடிபடவில்லை. அதனால் கேட்டேன்.

அவர் சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்தார். “கோவம் இல்ல புஷ்பம். பயம். நீ பதிலத் தேடிக்கிட்டு நிக்கிற அந்த நேரத்துல அவனுங்க ஒன்ன ஒரு மாதிரிப் பாப்பானுங்க. அத என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியல.”

அவர்கள் பார்ப்பது எனக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அன்றிலிருந்து, யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால் அவர் கைப்பேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார். அதில் பார்க்க ஒன்றும் இருக்காது.

எட்டாம் மாதம் ராத்தா முதலாளியிடம் எனக்காகப் பேசினார். முதலாளிக்குத் தயக்கம், அவரைக் குறை சொல்ல முடியாது. மேல்மாடி ஸ்டோரில் வேலை தந்தார். பார்சல் பிரிப்பது, அடுக்குவது, கேட்டதை எடுத்துக் கீழே அனுப்புவது. ஆட்களைப் பார்க்கத் தேவையில்லை. முதலில் அது நிம்மதியாகவும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அலுப்பாகவும் இருந்தது. அலுப்பு வந்தது நல்ல அடையாளம் என்று நிலந்தி மிஸ் சொன்னார். ஆட்களைத் தேடுகிற விருப்பம் திரும்புகிறதாம். பகல் சாப்பாட்டுக்கு ராத்தா மேலே ஏறி வருவார். அவர் பேசுவார், நான் சாப்பிடுவேன். பதிலுக்காக என்னை ஒரு நாளும் அவசரப்படுத்தியதில்லை.

வீட்டுக்கு வந்து பதினான்காம் மாதம், ஒரு வியாழக்கிழமை, ராத்தா கடைக்கு வரவில்லை. அவருடைய உம்மா மௌத்தாகிவிட்டார், தாய் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. கடை ஆட்கள் அன்றே வான் வண்டியில் போய்வந்தார்கள். நான் அந்தக் கூட்டத்தோடு போகவில்லை. அவ்வளவு பேர் நடுவில் என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை தனியாகப் போவதாகச் சகாயத்திடம் சொன்னேன். கூட வரவா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டார். அதை நான் அவர் முகத்தில் கண்டேன்.

அக்குறணை பஸ்ஸில் போகும்போது மூன்று வாக்கியங்களை நெட்டுருப் போட்டேன். கேள்விப்பட்டதும் ரொம்பக் கவலையா இருந்திச்சு. அவங்க நல்லவங்க. நீங்க தைரியமா இருங்க. கட்டுகஸ்தோட்டை தாண்டும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். சந்தியில் இறங்கி, ஒரு கடையில் வீட்டைக் கேட்டு, வழி சொன்னதற்கு நன்றியும் கூறி நடந்தேன். வீட்டின் உள்ளறையில் பாய் விரித்துப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். எல்லோரும் வெள்ளையில். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. ராத்தா சுவரோரம் இருந்தார், இரண்டே நாளில் முகம் சுருங்கிப் போயிருந்தது. கண்ணைப் பார்த்தேன், புருவம்வரை போகத் தேவையிருக்கவில்லை. மூன்று வாக்கியங்களும் எங்கேயோ போய்விட்டன. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ராத்தா, எனக்கு என்ன சொல்லணும்னு தெரியல.”

அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். “எனக்கும் தெரியல்ல புஷ்பா. ரெண்டு நாளா எல்லாரும் செல்றாங்க, நானும் ஓ ஓ எண்டு செல்லிட்டு ஈக்கிறேன்.”

கையை எடுக்காமல் சற்று நெருங்கி உட்கார்ந்தேன். பிறகு, உம்மா கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது, கேட்டேன். வட்டிலப்பம் கேட்டாராம், சீனி வருத்தம் என்று கொடுக்காமல் இருந்து, அன்றைக்கு ராத்தா ஒரு கரண்டி கொடுத்தாராம். கொடுத்தது சரியா என்று இரண்டு நாளாக யாரிடமும் கேட்க முடியாமல் இருந்திருக்கிறார். சரிதான் என்றேன். வட்டிலப்பம் யார் செய்தது என்று கேட்டேன். அவருடைய நானாவாம். பிறகு உம்மாவின் சின்ன வயது, அவர் தைத்த தொப்பிகள், வாப்பாவோடு போட்ட சண்டைகள் என்று ராத்தா சொல்லிக்கொண்டே போனார். நான் இடையிடையே கேட்டேன். ஒரு இடத்தில் ராத்தா சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எதிரே இருந்த ஒரு பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தானும் புன்னகைத்தார்.

பள்ளிவாசலில் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோதுதான் எவ்வளவு நேரம் போயிருக்கிறது என்று உறைத்தது. ஒரு வாக்கியத்தையும் நான் எண்ணவில்லை. அடுத்து என்ன சொல்வது என்று ஒரு தடவைகூட உள்ளே போய்த் தேடவில்லை.

இப்போது வாரத்தில் மூன்று நாள் கீழே சேலைப் பகுதியில் நிற்கிறேன், மீதி நாள் ஸ்டோர். முன்புபோல வாசல்படியிலேயே ஆளைப் படிக்க முடிவதில்லை. அதனால், இது பிடிச்சிருக்கா உங்களுக்கு என்று நேராகவே கேட்டுவிடுகிறேன். கேட்டால் சொல்கிறார்கள். குளிசை தொடர்கிறது. பெரிய கூட்டங்கள் இன்னும் களைப்பாக்கும். கருணாகரன் சேருக்கு என்னைவிட மெதுவாக வருகிறது. வராமலேயே போகும் சில விஷயங்களும் இருக்கலாம் என்று டொக்டர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அந்தத் தாயிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: அது மருந்துக்குப் பின்னால், வேறு பாதையில், நடந்து வரும். அதுவரை அவனுக்காக நீங்கள் பேசாதீர்கள், பக்கத்தில் இருங்கள்.

அன்று அக்குறணையில் இருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பக்கத்தில் பையும் கையுமாக ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். மகள் வீட்டுக்குப் போய்வருகிறாராம். பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்த கதையைத் தொடங்கினார். பாதியில் என் கைப்பேசி அடித்தது. சகாயம்.

போனாயா, பார்த்தாயா, கஷ்டமாக இருந்ததா, என்ன பேசினாய் என்று மூச்சுவிடாமல் கேட்டார்.

“நெறையப் பேசினேன். வீட்டுக்கு வந்து சொல்றேன்,” என்றேன். “இப்ப வைங்க. பக்கத்துல ஒருத்தவங்க பேசிக்கிட்டு இருக்காங்க.”